குழந்தையும் கச்சேரியும்

நமது இசை விமரிசனம் மேடையைப் பார்த்து எழுதப்படுவது. பாடியவரின் சாரீரம், பக்கவாத்தியப் பொருத்தம், உருப்படிகளின் தெரிவு, ஆலாபனையின் நீளம் ஆகியவற்றை நிறுத்துப் பார்க்கும் விமரிசகர், மேடைக்கு எதிரே அமர்ந்திருப்போரைச் “சபையோர் மெய்ம்மறந்திருந்தனர்” என்ற ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுவார். சபையோர் யாவர், எவ்வாறு அங்கு வந்து சேர்ந்தனர், வராதோர் யாவர் என்னும் வினாக்கள் அவருடைய எல்லைக்கு அப்பாற்பட்டவை. அந்தச் சபையோருள்ளும் முற்றாக மறக்கப்படும் ஒருவர் உண்டு. பாதி நேரம் தாயின் மடியிலும் மீதி நேரம் தந்தையின் தோளிலுமாக இருக்கும் ஐந்து வயதினர் அவர். அவரைப் பற்றிய பேச்சு எழுமாயின் முறைப்பாடாகவே எழும்: குழந்தைகளைக் கச்சேரிக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள், அவை அழுகின்றன, நிம்மதியாகக் கேட்க முடியவில்லை.

இம் முறைப்பாட்டைச் சற்று ஆராய வேண்டும் என்பதே எனது எண்ணம். ஒரு குழந்தை முதன்முதலாக உயிருள்ள இசையின் முன் உட்காரும்போது சுரங்களை மட்டும் கேட்பதில்லை. எங்கே உட்காரலாம், எங்கே உட்காரலாகாது, வாசிப்போர் யாவர், கேட்போர் யாவர், எப்போது வாய் திறக்கலாம் என்பனவற்றையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. வகுப்பறையில் நாம் ஆண்டுக்கணக்காகக் கற்பித்தும் ஏறாத சமுதாய பாடம் ஒரு மாலைப்பொழுதில் அதன் மனத்தில் ஏறிவிடுகிறது. ஆகவே அந்த மாலைப்பொழுது விமரிசனத்திற்குரிய பொருளே.

பேசக்கூடாது, அசையக்கூடாது என்னும் விதி இசையோடு கூடப் பிறந்ததன்று. 1778இல் பாரிஸ் நகரில் தமது புதிய சிம்பொனி அரங்கேறியபோது அதன் நடுவிலேயே சபையோர் கைதட்டியதை மொஸார்ட் தம் தந்தைக்குப் பூரிப்போடு எழுதினார். அவர்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே அப்பகுதியை அமைத்ததாகவும், நிகழ்ச்சி முடிந்ததும் போய் ஐஸ்கிறீம் சாப்பிட்டதாகவும் அதே கடிதத்திற் கூறுகிறார். இன்று எந்த ஐரோப்பிய மண்டபத்திலாவது நடுவிற் கைதட்டுபவரைப் பட்டிக்காட்டார் என்றே அயலவர் நோக்குவர். இடையில் நிகழ்ந்தது என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பணம் செலுத்தி இருக்கை பெற்ற முதலாளித்துவ நடுத்தர வர்க்கம், அமைதியைத் தன் பண்பாட்டின் அடையாளமாக்கிக் கொண்டது. 1876இல் வாக்னர் பைரோயித் நகரிலே தமது அரங்கைத் திறந்தபோது கேட்போர் பகுதியையே இருளாக்கினார். ஒருவரையொருவர் பார்க்க முடியாத இருட்டில் நூற்றுக்கணக்கானோர் தனித்தனியாக அமர்ந்து கேட்கும் முறை அவ்வாறு நிலைபெற்றது.

தமிழ்நாட்டிலும் இதற்கொத்த மாற்றமொன்று நிகழ்ந்தது. கோயிலையும் அரசவையையும் சார்ந்திருந்த இசை, சென்னைப் பட்டணத்து வழக்கறிஞரும் உத்தியோகத்தரும் அமைத்த சபாக்களுக்கு இடம்பெயர்ந்தது. 1928இல் சென்னை மியூசிக் அகாதெமி தொடங்கப்பட்டது. வருணம், சில கீர்த்தனைகள், விரித்துப் பாடும் ஓர் உருப்படி, இராகம் தானம் பல்லவி, இறுதியிலே துக்கடாக்கள் என்று அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் வகுத்து நிலைநிறுத்திய கச்சேரி முறை, உத்தியோகம் முடிந்து வருபவரின் மாலைப்பொழுதுக்கு அளந்து தைத்த சட்டை போல் அமைந்தது. அச்சட்டையைத்தான் நாமும் கடல் கடந்து வாங்கி அணிந்துகொண்டோம்.

இதனை வெறும் வர்க்கச் சூழ்ச்சி என்று தள்ளிவிடுவது கொச்சை மார்க்சியமாகும். அமைதியான மண்டபம் இல்லையேல் வீணையின் நுண்ணிய கமகங்கள் நூறு பேருக்குக் கேட்டிரா. தாழ்ந்த குரலிற் பாடும் விளம்பகாலக் கீர்த்தனை சந்தை இரைச்சலில் உயிர் வாழாது. அமைதி ஒரு கலைத்தேவையாகவும் இருந்தது. அதே வேளையில் கதவடைக்கும் கருவியாகவும் இருந்தது. இவ்விரண்டையும் பிரித்தறியாமற் போனதே நமது சபாக்களின் குறை. கலைத்தேவைக்காகக் குழந்தையை அமைதியாக இருக்கச் சொல்வது வேறு. அது இருப்பதே நாகரிகக் கேடு என்பது வேறு.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலருக்கு முதற் கச்சேரி மண்டபத்தில் நிகழ்வதில்லை. அது கோயில் வீதியில் நிகழ்கிறது. அவர்கள் அதனைக் கச்சேரி என்று எண்ணுவதுமில்லை. திருவிழா இரவில், மணலில் விரித்த சால்வையின் மேல், ஒரு கையிற் கச்சான் சுருளோடு, அரைத் தூக்கத்திற் கேட்ட நாதஸ்வரமும் தவிலுமே அவர்களின் முதல் இசை. யாரும் அவர்களை “வாயை மூடு” என்று அதட்டவில்லை. எழுந்து ஓடினர், திரும்பி வந்தனர், தவில்காரருக்கு மிக அருகிற் போய் நின்று வாயைப் பிளந்து பார்த்தனர். 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் கைகளை இவ்வாறு கிட்ட நின்று பார்த்த தலைமுறையொன்று இன்றும் நம்மிடையே முதியோராக வாழ்கிறது. அவர்களுட் பலர் தாள சாத்திரம் ஒரு நாளும் கற்றவரல்லர். ஆயினும் கணக்கொன்று பிசகினால் முகஞ் சுளிக்கத் தெரிந்தவர்கள். இந்தக் கல்வியை அவர்களுக்கு அளித்த பாடசாலை எது?

மல்லாரியை எடுத்துக்கொள்வோம். சுவாமி புறப்படுகையில் வாசிக்கப்படுவது மல்லாரி. கம்பீரநாட்டை என்ற பெயரை அறியாத நான்கு வயதுக் குழந்தையும் அவ்வொலி கேட்டதும் துள்ளி எழுந்து “சாமி வருது” என்று சொல்லும். இசையின் பொருளை அது இராக இலக்கணத்தின் மூலம் அறியவில்லை. மனிதர் கூடிச் செய்யும் ஒரு செயலின் பகுதியாகவே அறிந்தது. தீபம் அசைகிறது, கொம்புகள் தோளேறுகின்றன, கூட்டம் விலகுகிறது, அந்நேரத்தில் இந்த இசை. இசைக் கல்வியின் மிக இயல்பான முதற்படி இதுவென்றே நான் கருதுகிறேன். இறைநம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் இதனை ஒப்புக்கொள்ள முடியும்.

பழமையைப் போற்றுவோர் இவ்விடத்தில் நின்றுவிடுவர். நம்மால் நிற்க முடியாது. அந்த மணல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருக்கவில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்திலே கோயிலுட் செல்லும் உரிமைக்காகத் தாழ்த்தப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் வரலாறு இந்த ஏட்டின் வாசகர் அறியாததன்று. அவ்வீடுகளின் பிள்ளைகள் அதே நாதஸ்வரத்தைத் தூரத்திலிருந்து கேட்டனர். தவில்காரரின் கைகளைப் பார்க்கும் தூரத்தில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. வாசித்த கலைஞர்களின் நிலை என்ன? மேடையிலே பொன்னாடையும் தங்கப்பதக்கமும் பெற்றவர், இறங்கி வந்ததும் சாதிப்படியில் தமக்குரிய இடத்தில் நிற்க வேண்டியவராகவே இருந்தார். கலையை உச்சிமோந்து கலைஞனைத் திண்ணையில் நிறுத்திய சமுதாயம் நமது. குழந்தை இதனையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

இன்னும் ஒரு படி கீழே செல்ல வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுட் பலர் முதன்முதலிற் கேட்ட நேரடி வாத்தியம் நாதஸ்வரம்கூட அன்று, பறை. சாவீட்டுக்கு முன்னே அது ஒலிக்கத் தொடங்கியதும் குழந்தை படலையடிக்கு ஓடும். அதன் கால்கள் தாமாக அசையத் தொடங்கும். உடனே வீட்டிலிருந்து “உள்ளுக்கு வா” என்று ஒரு குரல் எழும். அந்தக் குரலில் குழந்தை கற்றுக்கொள்வது எந்த இசைநூலிலும் இல்லை. தன் உடம்பு விரும்பிய ஒலி இழிந்தது என்றும் அதனை எழுப்பும் மனிதர் அருகே செல்லத்தகாதவர் என்றும் அது கற்கிறது. பின்னாளில் அதே பிள்ளை மிருதங்க வகுப்புக்கு அனுப்பப்படும். தோல் இரண்டிலும் தோல்தான்.

பறையை அடிக்க மறுத்தவர்களின் நியாயத்தை இங்கே மறத்தலாகாது. விதிக்கப்பட்ட அடிமைத் தொழிலாக அதனைச் செய்யோம் என்று கூறியவர்கள் கலையை வெறுத்தவர்கள் அல்லர், இழிவை வெறுத்தவர்கள். அதனைக் கூத்தரங்கில் மதிப்பிற்குரிய கலையாக மீட்டெடுப்போரின் நியாயமும் உண்டு. இவ்விரு நியாயங்களும் மோதுவதாகச் சிலர் எழுதுகின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தாமாக விரும்பி வாசிப்பவர், உரிய ஊதியமும் நாற்காலியும் பெற்று, பிள்ளைகளின் முன் பறையை வாசிக்கும் நாளில் இருதரப்பாருக்கும் மனக்குறை இராது. அந்நாள் வரும்வரை சாவீட்டுப் பறையைப் “பாரம்பரியம்” என்று படம் பிடித்துப் பாராட்டுவது, வெளியே நின்று பார்ப்பவரின் சுகம்.

மலையகத்தில் இக்கதைக்கு வேறொரு முகம். லயத்துக் குழந்தை காமன் கூத்தில் தப்பின் ஒலிக்கு ஆடியது. அதே தப்பு விடியற்காலையில் அதன் தாயைப் பெரட்டுக் களத்துக்கு அழைக்கவும் முழக்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது. கொண்டாட்டத்திற்கும் கூலிக்கும் ஒரே வாத்தியம். அக்குழந்தையின் செவியில் அவ்வொலி எத்தனை பொருள்களைச் சுமந்திருக்கும் என்பதை எந்தச் சபா விமரிசகர் எழுதினார்?

இனி மண்டபத்துக்கு வருவோம். அண்மையில் ஒரு சபையின் கச்சேரிக்கு என் மகளை அழைத்துச் சென்றேன். அவளுக்கு ஐந்து வயது. அதற்குமுன் கோயில் மேளத்தைத் தவிர வேறொன்றும் நேரிற் கேட்டிராதவள். பாடகர் மேடையேறுமுன்னரே அவளுடைய முதல் வினா எழுந்தது. யாரும் தொடாமலே சுருதி ஒலித்துக்கொண்டிருந்த மின்தம்புராவைச் சுட்டி, “அப்பா, அந்தப் பெட்டிக்குள்ளை ஆர் இருக்கினம்?” என்றாள். நான் விளக்கினேன். “அப்ப அதுக்குக் களைக்காதோ?” என்றாள். தம்புரா மீட்டும் மாணவி ஒருத்தியை மேடையிலிருந்து அகற்றிவிட்டு நாம் இழந்தது என்னவென்று அறிஞர்கள் கட்டுரை எழுதியிருக்கலாம். களைக்காத கலைஞன் மேடையில் இருப்பது விநோதம் என்பதை அவள் ஒரே கணத்திற் கண்டுகொண்டாள்.

வருணத்திலும் அடுத்த கீர்த்தனைகளிலும் அவளுக்கு நாட்டமில்லை. அவள் பாடகரைப் பார்க்கவே இல்லை. வயலின் வில்லைப் பார்த்தாள். அது குரலுக்குப் பின்னே ஓடி வருவதைக் கவனித்து, “அவர் சொல்லுறதை இவர் திருப்பிச் சொல்லுறார்” என்றாள். நெரவலும் பின்தொடர்தலும் பற்றி நாம் சொல்வதில் பெரும்பகுதி அவ்வளவே. விரிவான ஆலாபனையின்போது நித்திரையானாள். தனியாவர்த்தனம் தொடங்கியதும் கண்விழித்தாள். அப்பொழுது மண்டபத்தில் நிகழ்ந்ததுதான் எனக்கு வியப்பு. மிருதங்கமும் கடமும் உரையாடத் தொடங்கியதும் பெரியவர்கள் எழுந்தனர். ஒருவர் தொலைபேசியை எடுத்தார். இருவர் தேநீருக்குப் போயினர். பின்வரிசையிற் காணி வழக்கொன்று விசாரணைக்கு வந்தது. மண்டபத்தில் முழுக்கவனத்தோடு இருந்தவள் அநேகமாக என் மகள் ஒருத்தியே. கடக்காரரின் விரல்கள் பானையின் கழுத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கும்போது ஒலி மாறுவதை அவள் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததைச் சற்று உரத்துச் சொன்னாள். உடனே தொண்டர் ஒருவர் குனிந்து வந்து, “மாஸ்ரர், பிள்ளையை ஒருக்கா வெளியிலை கொண்டுபோங்கோ, மற்றாக்களுக்கு இடைஞ்சல்” என்றார். காணி வழக்குப் பேசியவர்களிடம் அவர் போகவில்லை.

அந்தத் தொண்டர் கெட்டவர் அல்லர். தமக்குக் கொடுக்கப்பட்ட விதியை நிறைவேற்றினார். கவனத்தை அளப்பதற்கு அச்சபையிடம் இருந்த ஒரே கருவி ஒலியின்மை. கேட்பவரின் மனம் எங்கே இருக்கிறது என்பதை அக்கருவி காட்டாது.

குழந்தைக்கென்றே இசை நிகழ்ச்சி அமைப்பது பற்றி உலகில் நடந்த முயற்சிகளுள் மூன்றையேனும் நாம் அறிந்திருத்தல் நன்று. முதலாவது, சோவியத் இசையமைப்பாளர் செர்கேய் புரொக்கோவியெவ் 1936இல் இயற்றிய “பீற்றரும் ஓநாயும்”. மொஸ்கோவில் சிறுவர் அரங்கை நடத்திவந்த நத்தாலியா சட்ஸ் அம்மையாரின் வேண்டுகோளின்படி இது எழுதப்பட்டது. கதைசொல்பவர் ஒருவர், வாத்தியக் குழு ஒன்று, ஏறக்குறைய 25 நிமிடம். பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெற், தாத்தாவுக்குப் பசூன், ஓநாய்க்கு மூன்று கொம்புகள், சிறுவன் பீற்றருக்கு வயலின் முதலிய தந்தி வாத்தியங்கள், வேட்டைக்காரரின் துப்பாக்கி வெடிக்குப் பேரிகை. கதை தொடங்குமுன் ஒவ்வொரு வாத்தியமும் குழந்தைகளுக்கு அறிமுகமாகிறது. 1936 மே 2ஆம் நாள் நடந்த முதல் நிகழ்ச்சி பெரிய வரவேற்பைப் பெறவில்லை. பின்னரே அது உலகெங்கும் பரவியது.

இதன் சிறப்பு எங்கே உள்ளது? விலங்குகளைக் கொண்டு பிள்ளைகளை மயக்கியதில் இல்லை. அதனை எவரும் செய்வர். கதையிலே வாத்தை ஓநாய் உயிரோடு விழுங்கிவிடுகிறது. வேட்டைக்காரர் சுடத் தொடங்க, பீற்றர் தடுத்து ஓநாயை மிருகக்காட்சிச் சாலைக்குக் கொண்டு செல்கிறான். வெற்றி ஊர்வலம் முடிகிறது. அந்த முடிவில், ஓநாயின் வயிற்றுக்குள்ளிருந்து ஓபோ மெல்ல ஒலிக்கிறது. வாத்து இன்னும் சாகவில்லை. அதற்கு என்ன நடக்கும் என்று புரொக்கோவியெவ் கூறவில்லை. ஊர்வலத்தின் ஆரவாரத்திற்குள் விழுங்கப்பட்டவரின் குரலையும் கேட்கும்படி செய்த கலைஞரை, குழந்தையின் அறிவை மதித்தவர் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இப்படைப்பைச் சோவியத் கலையின் சாதனையாக எடுத்துக்காட்டும் நாம், அதன் பின்கதையையும் கூறக் கடமைப்பட்டவர்கள். 1918இல், பதினைந்து வயதளவில் மொஸ்கோ சோவியத்தின் சிறுவர் அரங்கப் பணியில் இறங்கிய அதே நத்தாலியா சட்ஸ், “பீற்றரும் ஓநாயும்” அரங்கேறிய மறு ஆண்டிலே, 1937இல், கைதுசெய்யப்பட்டு ஐந்தாண்டுகள் சிறைமுகாமில் வைக்கப்பட்டார். ஆட்சியில் அமைச்சராக இருந்த அவருடைய கணவர் 1938இற் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலையாகி, அல்மா அத்தாவில் மீண்டும் சிறுவர் அரங்கொன்றை அமைத்து, பின்னர் மொஸ்கோ திரும்பி, 1965இல் சிறுவர்க்கான இசை நாடக அரங்கத்தைத் திறந்துவைத்தார். அம்மையாரின் பணியைப் புகழ்ந்து அவர்பட்ட துன்பத்தை மறைக்கும் முற்போக்கு எழுத்து நேர்மையற்றது. அத்துன்பத்தைக் காட்டி அவருடைய பணியையே பொய்யென்போர் அவர் மீண்டும் மீண்டும் எதற்குத் திரும்பி வந்தார் என்பதை விளக்க மாட்டார்கள்.

இரண்டாவது, ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரித்தன் கல்வித் திரைப்படம் ஒன்றுக்காக எழுதி, 1946இல் அரங்கேறிய, வாத்தியக் குழுவை இளைஞர்க்கு அறிமுகஞ் செய்யும் படைப்பு. இதிலே கதை இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் பர்செல் இயற்றிய மெட்டு ஒன்றை எடுத்து, வாத்தியங்களை இனம் இனமாகப் பிரித்துக் காட்டி, இறுதியில் ஒன்றன்பின் ஒன்றாக மீண்டும் கூட்டி எழுப்புகிறார். மணிக்கூட்டைக் கழற்றிப் பூட்டிக் காட்டும் ஆசிரியரை ஒத்தவர் அவர். பத்து வயதுப் பிள்ளைக்கு இது மிகப் பொருத்தம். ஐந்து வயதுக்குக் கொஞ்சம் வறட்சி.

மூன்றாவது, அமெரிக்கர் லெனார்ட் பேர்ண்ஸ்டைன் நியூயோர்க் வாத்தியக் குழுவோடு 1958 தொடக்கம் 1972 வரை நடத்தித் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான இளைஞர் கச்சேரிகள். தொலைக்காட்சி வழியே அவை மண்டபத்துக்கு வர இயலாத பிள்ளைகளையும் சென்றடைந்தன. முதல் நிகழ்ச்சியில் அவர் ரொசினியின் இசைப் பகுதியொன்றை வாசிப்பித்தார். தொலைக்காட்சித் தொடரிற் கேட்டுப் பழகிய பிள்ளைகள் அதனைக் குதிரைவீரனின் கதை என்றனர். இல்லை, இசை சுரங்களைப் பற்றியதே, கதைகளைப் பற்றியதன்று என்று அவர் மறுத்தார். புரொக்கோவியெவின் வழியைப் பின்பற்றும் குழந்தை, எல்லா இசையிலும் வாத்தையும் பூனையையும் தேடத் தொடங்கிவிடும் என்ற அச்சத்திற்கு இது தக்க மாற்று. ஆயினும் பேர்ண்ஸ்டைன் கூறியது அரை உண்மை என்றே நான் கருதுகிறேன். சுரங்கள் வானத்தில் மிதப்பனவல்ல. மல்லாரி கேட்டு எழும் நமது குழந்தை கதையையும் தேடவில்லை, தனிச் சுரத்தையும் தேடவில்லை. கூடியிருக்கும் மக்களின் செயலிலே இசையின் பொருளைக் கண்டது. ஐரோப்பிய மண்டபத்துள் நின்று இசையின் பொருளைத் தேடியவருக்கு அம்மூன்றாவது வழி கண்ணிற்படாதது இயல்பே.

நம்மிடம் இத்தகைய முயற்சிக்குக் கருப்பொருள் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் குழந்தை ம. சண்முகலிங்கம், சி. மௌனகுரு முதலியோர் நமது பாட்டையும் ஆட்டத்தையும் கொண்டு சிறுவர் நாடகங்களை அமைத்தனர். “கூடி விளையாடு பாப்பா”வும் “தப்பி வந்த தாடி ஆடு”ம் பாடசாலைகளில் ஆடப்பட்டன. மட்டக்களப்பின் மத்தளமும் சல்லரியும், உடுக்கும், தவிலும், பறையும் நம்மிடம் உள்ளன. நாடகத்துறை குழந்தையை நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுகொண்டது. நமது கர்நாடக இசைத்துறை அதற்கு ஈடான ஒரு முயற்சியை எடுத்ததாகச் சொல்ல முடியாது.

அது குழந்தைக்கு அளித்தது பரீட்சை. வட இலங்கை சங்கீத சபையின் தரங்களை ஒவ்வொன்றாகக் கடந்து ஆசிரியர் தரம் சித்தியெய்திக் “கலாவித்தகர்” பட்டம் பெறும் பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். அப்பரீட்சைகள் செய்த பணியைக் குறைகூற நான் விரும்பவில்லை. சாதாரண குடும்பத்துப் பெண்பிள்ளைகள் பலருக்கு அவை சங்கீதத்தையும் ஆசிரியத் தொழிலையும் திறந்துவிட்டன. ஆனால் ஒரு முழுக் கச்சேரியையேனும் நேரில் இருந்து கேட்காமலே நான்காந் தரம் வரை வந்துவிட்ட மாணவியை எனக்குத் தெரியும். அவளிடம் ஏன் என்று கேட்டேன். “அது சோதனைக்கு வராது சேர்” என்றாள். கேட்பதற்குப் புள்ளி இல்லாத நாட்டில் கேட்போர் வயோதிபராகவே இருப்பர். நமது மண்டபங்களின் நரைத்த தலைகளே அதற்குச் சாட்சி.

சபாவும் பரீட்சையும் கைவிட்ட பிள்ளையைச் சந்தை கைவிடவில்லை. இன்று நமது பிள்ளைகளுட் பெரும்பாலோர் நேரிற் காணும் முதல் இசை நிகழ்ச்சி, சினிமாப் பாடகரைக் கொண்டு திறந்த வெளியில் நடத்தப்படும் கேளிக்கையே. 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த அத்தகைய நிகழ்ச்சியொன்றிலே, பணம் செலுத்தியோர் பகுதியும் மற்றையோர் பகுதியும் தடுப்புகளால் பிரிக்கப்பட்டிருந்தன. கூட்டம் தடுப்புகளை உடைத்து முன்னேற, நிகழ்ச்சி தடைப்பட்டது. மறுநாள் எல்லோரும் இளைஞரின் ஒழுக்கக்கேட்டைப் பற்றி எழுதினர். மேடையைக் காண முடியாத தூரத்தில் மக்களை நிறுத்தி, அவர்களுக்கு முன்னே வெறும் நாற்காலிகளைக் காட்டும் ஏற்பாட்டைப் பற்றி எழுதியவர் சிலரே. தந்தையின் தோளில் இருந்து அதனைப் பார்த்த குழந்தை இசையைப் பற்றி எதைக் கற்றிருக்கும்?

இங்கே உடலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2022இல் உலக சுகாதார நிறுவனம் பொது நிகழ்ச்சிகளுக்கான ஒலியளவு பற்றி வெளியிட்ட நியமம், பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டலாகாது என்கிறது. நமது திறந்தவெளி நிகழ்ச்சிகளில், கோயில் வீதிகளிலுங்கூட, ஒலியை அளந்து பார்ப்பவர் யார்? பெருங்குரலெழுப்பும் பெட்டியின் முன்வரிசையிலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைச் சிலர் பெருமையாகக் கருதுகின்றனர். உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஒலிபெருக்கியிலிருந்து விலகி நில்லுங்கள். செவிமூடி கிடைத்தால் மாட்டுங்கள். பிள்ளை காதைப் பொத்தினால் அது நாணமன்று, அறிவு. 1990இல் மின்சாரம் நின்றுபோன பின்னர் யாழ்ப்பாணத்திற் பிறந்த தலைமுறை, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது. திருவிழாவில் நாதஸ்வரத்தை அதன் சொந்தக் குரலிலேயே கேட்டது. போரின் கொடுமையை எவரும் நன்மையென்று பேசமாட்டார். ஆனால் நாதஸ்வரத்துக்கு ஒலிபெருக்கி தேவையில்லை என்னும் எளிய உண்மையை அத்தலைமுறை அறியும்.

செய்யத்தக்கது என்ன என்று கேட்போருக்கு, சிறிய அளவிற் செய்து பார்த்த ஒன்றைக் கூறுகிறேன். சென்ற தவணையில் எமது பாடசாலையின் ஆரம்பப் பிரிவுக்குத் தவில் கலைஞர் ஒருவரை அழைத்தோம். மேடை போடவில்லை. மாமரத்தின் கீழ்ப் பாய் விரித்தோம். பிள்ளைகள் 34 பேர் சுற்றிவர அமர்ந்தனர். நிகழ்ச்சி 40 நிமிடம் என்று வைத்தோம். அவர் முதலில் வாசிக்கவில்லை. விரல்களில் மாட்டும் கூடுகளை எடுத்துக் காட்டி, துணியும் பசையும் கொண்டு அவற்றைச் செய்யும் விதத்தைச் சொன்னார். பலாமரத்துக் கொட்டையும் தோலையும், வலந்தலையையும் தொப்பியையும் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார். பின்னர் ஒரு சிறுவனின் கையைத் தொப்பிப் பக்கத்தில் வைத்துவிட்டு வலந்தலையில் மெல்ல வாசித்தார். அச்சிறுவனின் முகம் மாறியதை நாங்கள் எல்லோரும் கண்டோம். அதன்பின் அவர் முழுவீச்சில் வாசித்தபோது, அதட்டுவார் எவருமின்றி 34 பிள்ளைகளும் அமைதியாக இருந்தனர். முடிந்ததும் கேள்விகள். “உங்கடை கை நோகாதோ?” “இரவு நித்திரை கொள்ளேக்கையும் அடிப்பீங்களோ?” “எங்கடை வீட்டுக்காரர் அடிக்கலாமோ?” கடைசிக் கேள்வியைக் கேட்ட சிறுமி, பறையடிப்போர் குடும்பமொன்றிலிருந்து வருபவள். அவளுடைய பாட்டனார் நல்ல வாத்தியக்காரர் என்பது ஊரறிந்தது. கலைஞர் ஒரு கணம் தயங்கினார். பிறகு, “ஏன் பிள்ளை, உன்ரை தாத்தாவுக்கு என்னைவிடக் கூடத் தெரியும்” என்றார்.

செலவு, கலைஞரின் ஊதியமும் வான் கூலியும் பாய்களின் வாடகையும். ஆசிரியர் எழுவர் பங்கிட்டோம். சில பெற்றோர் மறுநாள் வந்து, பாடசாலையில் மேளம் எதற்கு, புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்குகிறதே என்று கேட்டனர். அடுத்த தவணைக்கு அச்சிறுமியின் பாட்டனாரை அழைக்க வேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்திற் பிரேரித்திருக்கிறேன். அவர் வருவாராயின் எந்த வாசலால் வருவார், எங்கே அமர்வார், தேநீர் எந்தக் கோப்பையிற் கொடுக்கப்படும் என்பன பற்றி இப்பொழுதே பேச்சு எழுந்துள்ளது. பிரேரணை இன்னும் முடிவாகவில்லை.